உப்பளக் கரையில் சட்ட உதவி

மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம் இருக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் இரண்டுக்கும் அடுத்து, தமிழ்நாட்டில் உப்பு என்றதும் நினைவுக்கு வரும் ஊர் இது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும், கழுவெளி ஏரியின் நீர் கடலைச் சேர்வதும் இந்தப் பகுதியில்தான். தை பிறந்து பாத்தியைச் சரிசெய்தால் ஆவணி வரை உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். வாருகிறவர்களும் சுமக்கிறவர்களும் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் ஏழைகள், அவர்களில் பெண்கள் நிறைய. உப்பளத்துக்கு அப்பால், கழுவெளியின் சேற்றிலும் கால்வாய் ஓரத்திலும் இருளர்கள் வெறுங்கையால் நண்டும் இறாலும் தடவிப் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

இவர்களில் ஏறத்தாழ எல்லோருமே அரசின் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதன் 12ஆம் பிரிவில் தகுதியானவர்களைப் பட்டியலிடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், கட்டாய உழைப்புக்கு ஆளானவர்கள், சாதி வன்கொடுமையாலோ வெள்ளத்தாலோ பாதிக்கப்பட்டவர்கள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாரும் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. உப்புப் பாத்தியில் நிற்கும் ஒரு தலித் பெண் மூன்று காரணங்களால் தகுதி பெறுகிறார். கழுவெளியில் நண்டு பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு இரண்டு காரணங்கள். இந்தியச் சட்டப் புத்தகம் இந்தக் கரையிடம் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியிருந்தும் வாழ்நாளில் ஒரு வழக்கறிஞரிடம் தன் குறையைச் சொல்லாதவர்கள் இங்கே ஏராளம். ஏன் என்று கேட்டால் அறியாமை, பயம், பணமின்மை என்று மூன்று பதில்கள் உடனே வருகின்றன. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவை மூன்றும் குற்றத்தை ஏழையின் தலையிலேயே ஏற்றிவிடுகின்றன. இந்தப் பகுதியின் கடந்த முப்பதாண்டு வழக்குகளைத் தொடர்ந்து பார்க்கும் எவருக்கும் வேறொரு காரணம் தெரியும். அரசின் சட்ட உதவி, மனு வரட்டும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாகவே வளர்ந்துவிட்டது. இங்கே நீதி கிடைத்த இடங்களிலெல்லாம் யாரோ சிலர் குடிசை வரை போயிருக்கிறார்கள், இரவு அங்கேயே தங்கியிருக்கிறார்கள், ஒரு வழக்கின் காகிதங்களைப் பத்து இருபது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சட்ட உதவியை முதலில் எண்ணியவர்களின் மனதில் இருந்ததும் இதுதான். 1973இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு சட்ட உதவி பற்றி அறிக்கை அளித்தது. பாலக்காட்டில் பிறந்து தலச்சேரியில் வழக்காடிய அவர், உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வாதாடி, 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்ற சந்தேகத்தின் பேரில் ஒரு மாதம் சிறையிலும் இருந்தவர். 1976இல் அரசமைப்பில் இலவச சட்ட உதவி பற்றிய 39-அ பிரிவு சேர்ந்தது. 1979இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்கள் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், இலவச சட்ட உதவி வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1986இல் வந்த சுக் தாஸ் வழக்குத் தீர்ப்பை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். அருணாசலப் பிரதேசத்தில் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அவர் உதவி கேட்கவில்லையே என்றது அரசு. கேட்கவில்லை என்பதால் உரிமை போய்விடாது, உரிமை இருப்பதை எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்று கூறி அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. கேட்டால்தான் உதவி என்ற வாதம் அன்றைக்கே செத்துவிட்டது. அலுவலக நடைமுறைக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் நீதிமன்றங்களுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் தூரம். மாவட்டத் தலைநகரான விழுப்புரத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. பேருந்து இருக்கிறது. ஆனால் போன நாளின் கூலி போய்விடும். வாய்தா தள்ளிப்போனால் அடுத்த நாள் கூலியும் போகும். சட்ட உதவி இலவசம் என்று சொல்லும்போது யாரும் இந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இருளர்களுக்கு முதல் தடை நீதிமன்றத்துக்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு தனியே வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,89,661 பேர். தொதவர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய மற்ற ஐந்தும் பெரும்பாலும் மலைக்காரர்கள். இருளர்களில் மிகப் பலர் சமவெளியில், விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் இருக்கிறார்கள். பழங்குடி என்றால் மலை என்று எண்ணிப் பழகிய அதிகாரிக்கு, கடற்கரையில் நிற்கும் பழங்குடியைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது. 1989 நவம்பர் முதல் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்றானது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. உண்மையான இருளர் வீட்டுப் பிள்ளை பள்ளி முடிக்கும்போது சான்றிதழுக்காக விசாரணை, ஆதாரம், மறு விசாரணை என்று அலைவதில்தான் அது போய் நின்றது. சான்றிதழ் இல்லையென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவதே சிக்கலாகிவிடும். சட்ட உதவி என்றதும் நாம் வாதத்தை நினைக்கிறோம். இந்தக் கரையில் அது ஒரு சான்றிதழுக்கு மனு எழுதுவதில் தொடங்குகிறது.

அடுத்தது காவல் நிலையம். வட்டாரத்தில் எங்காவது திருட்டு நடந்து துப்புத் துலங்காவிட்டால் இருளர் குடியிருப்புக்கு வண்டி வருவது நெடுநாள் வழக்கம். 1993 ஜூலையில் திருட்டு வழக்கொன்றில் உறவினர் ஒருவரைத் தேடிப் புதுச்சேரி காவலர்கள் விழுப்புரம் பக்கத்து அத்தியூருக்கு வந்தபோது, இருளர் இளம்பெண் ஒருவர் கூட்டாகப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார் என்பது வழக்கு. காவலர்கள் புதுச்சேரியினர், குற்றம் நடந்தது தமிழ்நாட்டில். அன்று திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பா. கல்யாணி இந்த வழக்கைக் கையில் எடுத்தார். பிரபா கல்விமணி என்ற பெயரிலும் அறியப்படுகிறவர். 1996இல் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. சம்பவம் நடந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2006இல், விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது.

இந்த முடிவை வைத்து அந்த உழைப்பை வீண் என்று எடைபோட்டால் ஒன்றை விட்டுவிடுவோம். அதற்கு முன் இருளர் பெண் காவல்துறைமீது புகார் கொடுத்து, அது பதின்மூன்று ஆண்டுகள் விடாமல் நடக்கும் என்று இந்த வட்டாரத்தில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கத்து மண்டபம் கிராமத்திலிருந்து காவலர்கள் இரவில் அழைத்துச்சென்ற இருளர் பெண்களில் நால்வர் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். புகார் உடனே வெளியே வந்தது, அரசு காவலர்களைப் பணியிடை நீக்கம் செய்தது, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இவை அத்தியூரில் தொடங்கிய நீண்ட நடையின் பலன். விசாரணையோ அதன்பின் பத்தாண்டு தாண்டியும் நீண்டது. முதல் நாள் வேகத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டுசெல்லும் வழியை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அத்தியூர் சம்பவம் நடந்த அதே 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாகண்ணு இறந்த வழக்கு, 2021இல் 'ஜெய் பீம்' படத்தால் உலகறிந்தது. அவர் குறவர் சமூகத்தவர். படம் கதையை இருளர்களுக்கு மாற்றியது. அவர் மனைவிக்காகக் கட்டணம் வாங்காமல் ஆட்கொணர்வு மனுவை நடத்தியவர், பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. பழங்குடி ஊரான வாச்சாத்தியின் வழக்கு இன்னும் நீளமானது. 1992 ஜூன் 20இல் அந்த ஊர்மீது அரசுப் பணியாளர்கள் நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29இல் தண்டனை; 269 பேர்மீது வழக்கு, தீர்ப்பு நாளில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். முப்பத்தோரு ஆண்டுகள். மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்களும் அந்த ஊரோடு அத்தனை ஆண்டும் நின்றிருக்காவிட்டால் வழக்கு எங்கோ மழுங்கிப்போயிருக்கும். இந்த வழக்குகளில் எதிலுமே முதல் ஆளாய் ஊருக்குள் வந்தது அரசின் சட்ட உதவி அமைப்பு கிடையாது.

உலகத்தில் இதைவிடக் கடினமான நிலத்தில் சட்ட உதவி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 1967 முதல் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பில் இருக்கும் மேற்குக் கரையில் ஒரே மண்ணில் இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. குடியேறிய யூதருக்கு இஸ்ரேலின் சாதாரண நீதிமன்றம், பக்கத்து ஊர் பாலஸ்தீனருக்கு இராணுவ நீதிமன்றம். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே ஆறு மாதம் காவலில் வைக்கலாம், அதைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம். நிலத்தைப் பதிவு செய்யும் வேலையை 1968இல் ஓர் இராணுவ உத்தரவு நிறுத்தியது. பதிவு இல்லாத, பயிர் இல்லாத நிலத்தை 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டத்தைக் காட்டி அரசு நிலம் என்று அறிவித்துக் குடியேற்றங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே வழக்கறிஞர் தோற்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தேதான் ஆஜராகிறார்.

பிறகு எதற்காக ஆஜராக வேண்டும்? 1979இல் ரமல்லாவில் ராஜா ஷெஹாதே உள்ளிட்ட சட்டத்தரணிகள் தொடங்கிய அல்-ஹக் அமைப்பின் வேலையில் விடை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போய், சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்கி, தேதி இட்டுச் சேர்த்துவைத்தார்கள். உள்ளூர் நீதிமன்றம் கேட்காத வாக்குமூலங்கள் நாற்பதாண்டில் மலையாகக் குவிந்தன. 2004 ஜூலை 9இல் மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவர் சட்டவிரோதம் என்றும், 2024 ஜூலை 19இல் ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்றும் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தபோது, இப்படி ஊர் ஊராய்ப் பதிந்த உண்மைகள்தான் அந்த வாதங்களுக்கு அடித்தளம். 2021 அக்டோபரில் இஸ்ரேல் அல்-ஹக்கையும் இன்னும் ஐந்து அமைப்புகளையும் பயங்கரவாத அமைப்புகள் என்று அறிவித்தது. காகிதத்தில் பதிவதை ஓர் அரசு எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இது சாட்சி.

மரக்காணத்தை மேற்குக் கரையோடு நான் சமன்படுத்தவில்லை. இங்கே ஆக்கிரமிப்புப் படை இல்லை, ஓட்டு இருக்கிறது, சட்டம் எழுத்தில் ஏழையின் பக்கம் நிற்கிறது. அதனால்தான் நம்முடைய தோல்விக்குச் சாக்கு குறைவு. அங்கே எதிரியின் சட்டத்துக்குள் புகுந்து மக்களுக்காகப் பதிவு சேர்க்கிறார்கள். இங்கே மக்களுக்கென்றே எழுதிய சட்டத்தை அவர்கள் கையில் கொடுக்க ஆளில்லை.

உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் வெயிலில் நடக்கும் வேலை, கட்டடமே இல்லை, இது எப்படித் தொழிற்சாலை ஆகும் என்று உப்பள முதலாளி ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். அர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கு, 1961. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான், திறந்த நிலமும் தொழிற்சாலை வளாகம்தான் என்று நீதிமன்றம் தீர்த்தது. அப்படியென்றால் குடிநீர், கழிப்பறை, ஓய்வுக்கு நிழல் எல்லாம் உப்பளத்திலும் சட்டப்படியான உரிமை. தீர்ப்புக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பாத்திகளுக்கு நடுவே கழிப்பறை எங்கே என்று எந்தப் பெண் தொழிலாளரிடமும் கேட்டுப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிலைமையை இருபக்கமும் இழுக்கின்றன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் இருபது பேர், பயன்படுத்தாத இடத்தில் நாற்பது பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்று எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது. சிறு குத்தகைதாரர்களிடம் பத்துப் பதினைந்து பேராக வேலை செய்கிறவர்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆனால் ஊதியத் தொகுப்பில் பயன்படுத்தத் தக்க ஆயுதங்கள் சில உண்டு. பணியாளருக்கு ஊதியச் சீட்டு தர வேண்டும். கோரிக்கை வைக்க மூன்றாண்டு அவகாசம்; பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறே மாதம்தான். கூலி கொடுக்கவில்லை என்று தொழிலாளி மனு போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாத உப்பளத் தொழிலாளிக்கு இந்த ஒரு விதியே பெரிய பலம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திலும் இதே வகை விதி இருக்கிறது. முன்பணம் வாங்கிச் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் அகப்பட்ட இருளர் குடும்பங்கள் விஷயத்தில், அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று கடன் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையே கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படித்தால், மரக்காணத்தில் கூலி குறைத்து வாங்கும் ஒவ்வொருவரும் சட்ட உதவிக்கு நேரடியாக உரியவர். இந்தக் கோர்வையை ஒரு தொழிலாளி தானே கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

மழைக்காலத்துக்கென 2022இல் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் அளிக்கத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. வாங்க வேண்டுமென்றால் உப்பளத் தொழிலாளி என்று பதிவு இருக்க வேண்டும். பதிவு வேண்டுமென்றால் அந்த வேலை செய்கிறவர் என்பதற்குச் சான்று வேண்டும். மறுபடி காகிதம்தான்.

வன்கொடுமை வழக்குகளிலும் இதே கதைதான். 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள், மரக்காணத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்க மாநாட்டுக்குப் போனவர்களுக்கும் ஊராருக்கும் இடையே மோதல் வெடித்து, தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன, பேருந்துகள் எரிந்தன. மாநாட்டுக்குப் போன இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். கொலை என்றது மாநாட்டை நடத்திய தரப்பு, விபத்து என்றது காவல்துறை. அரசியல் பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வீடு எரிந்தவர்களின் சட்ட நிலையைப் பற்றிய பேச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பாதிக்கப்பட்டவருக்குப் பிணை விசாரணையில் பேசும் உரிமையும், வழக்கின் நிலையை அறியும் உரிமையும், சாட்சிக்கு வருகிறவருக்குப் பயணச் செலவும் தருகிறது. தமக்கு விருப்பமான வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராகக் கேட்கவும் 1995 விதிகளில் வழியுண்டு. எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது. எழுதித் தர ஆள் இருந்த இடங்களில் தலித் வழக்குகள் நின்றன, இல்லாத இடங்களில் சமாதானமாகப் போய்விட்டதாகக் கோப்பு மூடப்பட்டது.

அரசு அமைப்பிடம் கருவிகள் இல்லாமலும் இல்லை. சட்டத் தன்னார்வலர்கள் 2009 முதல் இருக்கிறார்கள். பழங்குடியினர் உரிமைக்கென்றே தேசிய ஆணைக்குழு 2015இல் தனித் திட்டம் வகுத்தது. சட்ட உதவி கேட்க 15100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. என் யோசனை எளிது. மரக்காணத்தில் தன்னார்வலராக நியமிக்கப்படுகிறவர்களில் உப்பு வாரும் பெண்ணும் இருளர் சங்கத்து ஆளும் இருக்க வேண்டும், அவர்களுக்கு மதிப்பூதியம் காலத்தில் போய்ச் சேர வேண்டும். உப்புக் காலத்தில் வாரம் ஒரு மாலை, வேலை விடும் நேரத்தில், வழக்கறிஞர் ஒருவர் பாத்தி ஓரத்துக்கு வர வேண்டும். இருளர் ஒருவரை இரவில் நிலையத்துக்கு அழைத்துச்சென்றால் விடிவதற்குள் ஒரு வழக்கறிஞர் அங்கே நிற்க வேண்டும். இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைவிட அந்த இரவுகளில் எத்தனைக்குப் போனோம் என்ற கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது அவசரமாகக் கவனிக்க வேண்டியது கழுவெளி. 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளுக்கு அந்த நீர் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே நீரில்தான் இருளர்களும் மீனவர்களும் தலைமுறைகளாகக் கை வைத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்கிறது. உரிமை கோருகிறவர் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கோர வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதப் படிக்காத, பட்டா இல்லாத, அறிவிப்பு ஒட்டிய பலகையைப் பார்க்காத ஒருவருக்கு இரண்டு மாதம் என்பது வந்து போனதே தெரியாத காலம்.

இன்னொரு கதவு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சரணாலயத்தையும் வன நிலம் என்றே அது கணக்கில் கொள்கிறது. நீர்நிலையில் மீன்பிடிக்கும் சமூக உரிமையைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. இதற்குக் கிராம சபை கூட வேண்டும், உரிமைக் குழு அமைய வேண்டும், முதியவர்களின் வாய்மொழிச் சாட்சியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சட்டம் வாய்மொழியையும் ஆதாரமாக ஏற்கிறது. தமிழ்நாட்டில் பட்டா வழங்கலை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று 2008இல் கட்டிப்போட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதனால் இங்கே அதிகாரிகளுக்கும் இந்தச் சட்டத்தோடு பழக்கம் குறைவு, சமவெளியில் இன்னும் குறைவு. கழுவெளியின் எந்த ஓடையில் யார் எந்த மாதத்தில் இறால் தடவினார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடும் கைநாட்டோடும் எழுதி வாங்கும் வேலை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். அதற்கு ஒரு நோட்டும், ஊர்க்காரர் நம்பும் ஒருவரும், பின்னால் நிற்க ஒரு வழக்கறிஞரும் போதும்.